வலிப்புக்குச் சாட்சி

எனக்கு வலிப்பு வருவதை ஊரில் பாதிப்பேர் கண்டிருக்கிறார்கள். நான் கண்டதில்லை. செம்புக் காசை நக்கியதுபோல வாய்க்குள் ஒரு ருசி வரும். அதுவரைக்கும் எனக்குத் தெரியும். கண் திறக்கும்போது யாரோ குனிந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். நாக்கின் ஓரம் கடிபட்டு வீங்கியிருக்கும். பாவாடை நனைந்திருக்கும். எழும்பி, முகம் கழுவி, உடுப்பை மாற்றிக்கொண்டு வந்து, நிற்கிறவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் இந்தமுறை பெரிதாக வந்ததா சின்னதாக வந்ததா என்று கண்டுபிடிப்பேன். பெரிதென்றால் ஒருவரும் என்னை நேரே பார்க்கமாட்டார்கள்.

நான் பெரியகல்லாற்றுப் பிள்ளை. சின்ன வயதில் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்தபோது மூளைக்காய்ச்சல் வந்து, பிழைக்கமாட்டேன் என்று நினைத்து என்னைப் பாயில் தனியாகக் கிடத்தி வைத்திருந்ததாக அம்மா சொல்லுவா. பிழைத்தேன். வலிப்பு அதற்குப் பிறகு வந்தது. அந்த நேரம் ஆசுபத்திரியில் எழுதித் தந்த துண்டுக் கடுதாசி ஓட்டத்தில் எங்கேயோ போய்விட்டது. உயிரோடு பிள்ளை கையில் இருக்கும்போது துண்டை யார் தேடினார்கள்.

வளர்ந்தபின் சந்தியில் ஒரு தையல்கடையில் வேலை செய்தேன். மெஷினில் இருக்கும்போதே வலிப்பு வந்து ஊசி விரலுக்குள் இறங்கிய அன்று முதலாளியம்மா என்னை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினா. இனி வராதே என்று சொல்லவில்லை. வா என்று கூப்பிடவும் இல்லை. அதற்குப் பிறகுதான் பெரியாசுபத்திரிக்குப் போனது. தலையெல்லாம் வயர் ஒட்டி மூளையின் ஓட்டத்தைக் கடுதாசியில் கோடு கோடாக எடுத்தார்கள். வயதான டொக்டர் ஒருவர் அதை விரித்துப் பார்த்து, பொறுமையாக ஒரு கடிதம் எழுதித் தந்தார். அந்தக் கடிதத்தைக் கொடுத்துத்தான் மாற்றுத்திறனாளிகளுக்குத் தருகிற மாதக் கொடுப்பனவு எனக்குக் கிடைத்தது. ஆசுபத்திரியில் வலிப்புக் குளிசை இல்லாத மாதங்களில் வெளியில் வாங்கவும், கிளினிக்குக்குப் பஸ்ஸில் போய்வரவும் அது போதும்.

என் மனிசனும் என் வலிப்பைக் கண்டுதான் வந்தார். வைகாசியில் கண்ணகியம்மன் சடங்கு. சனத்துக்குள் நான் விழுந்துவிட்டேன். அம்மன் இறங்கிவிட்டா என்று சுற்றி நின்றவர்கள் கை கூப்பினார்களாம். ஒரு ஆள் மட்டும் தோளில் கிடந்த துவாயைச் சுருட்டி என் தலைக்குக் கீழே வைத்து, என்னைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். கண் திறந்தபோது நான் பார்த்த முகம் அவருடையது. வாவியில் இறாலும் நண்டும் பிடிக்கிற ஆள். பேச்சுக் குறைவு. பெண் கேட்டு வந்தபோது அம்மா எல்லாவற்றையும் சொல்லவேண்டும் என்று தொடங்கினா. "தெரியும் மாமி, நான் கண்டதுதானே," என்று அவர் முடித்துவிட்டார்.

கல்யாணம் முடிந்த கையோடு கிளினிக்கில் குளிசையை மாற்றினார்கள். அது எனக்கு ஒத்துக்கொண்டது. மாதம் மாதமாக ஒன்றும் வரவில்லை. அந்தச் செம்பு ருசியே மறந்துபோனது. வயதான டொக்டர் என் கிளினிக் கொப்பியில் ஒரு வரி எழுதி, அதை எனக்குத் தமிழில் சொல்லியும் காட்டினார்: "வலிப்பு முழுதாகக் கட்டுப்பாட்டில் இருக்கு. சந்தோசமா இருங்க புள்ள." பஸ்ஸில் வரும்வழியெல்லாம் அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். இங்கிலீசு எனக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். அது எந்த வரி என்று தெரிந்தது, அது போதும். அன்றைக்கு அவர் பெரிய நண்டாகப் பார்த்து விற்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

பிறகு பிள்ளை தங்கியது. அந்தக் குளிசை வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று கர்ப்பிணிக் கிளினிக்கில் உடனே நிறுத்தி வேறொன்று தந்தார்கள். சரியான காரியம்தான். மகள் ஒரு குறையும் இல்லாமல் பிறந்தாள். ஆனால் வலிப்பு திரும்பி வந்தது. முன்பு மாதத்தில் எப்போதாவது வந்தது இப்போது கிழமைக்குக் கிழமை வந்தது. வயதான டொக்டரும் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். பழைய கொப்பி முடிந்து புதுக் கொப்பி போட்டார்கள். ஒவ்வொரு கிளினிக்கிலும் வேறு வேறு டொக்டர் இருப்பார்கள். வெளியே வாங்குப் பலகைகளில் சனம் நெருக்கிக்கொண்டிருக்கும்.

"ஃபிட்ஸ் இரிக்கா?"

"இரிக்கி டொக்டர்."

"எத்தின தரம்?"

எனக்கு எப்படித் தெரியும்? என் மனிசன் சொன்னதைத்தான் நான் சொல்லவேண்டும். அவர் வாவிக்குப் போன நேரத்தில் வந்து போயிருந்தால் யாருக்கும் தெரியாது. "இடைக்கிட" என்பேன். அவர்கள் ஒரு சொல் எழுதி, அதே குளிசையை மீண்டும் எழுதுவார்கள்.

வீட்டில் எனக்குச் சட்டங்கள் இருந்தன. பிள்ளையைத் தனியாகக் குளிப்பாட்டக் கூடாது. கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. தரையில் இருந்துதான் பால் கொடுக்கவேண்டும், விழுந்தாலும் உயரம் இருக்காது. அவர் விடியமுன் தோணியில் போய் வெயில் ஏறத் திரும்புவார். அந்த இடைவெளியில் அடுத்த வளவு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கூப்பிடுவா. நான் "ஓம் மாமி" என்பேன். ஒரு நாளைக்கு அந்த "ஓம்" வராவிட்டால் அவ ஓடி வரவேண்டும். அதுதான் ஏற்பாடு.

மகள் நடக்கத் தொடங்கியிருந்த காலத்தில் கிராம சேவகர் விதானையார் வந்து, கொடுப்பனவு எடுக்கிற எல்லாரையும் திரும்பப் பரிசோதிக்கப் போகிறார்கள், படிவத்தை ஆசுபத்திரியில் நிரப்பிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கிட்ட இருந்த சின்ன ஆசுபத்திரிக்குப் போனோம். இளம் டொக்டர், என்னை முதல்முறை பார்க்கிறார். பழைய கடிதம், பழைய கொப்பி, புதுக் கொப்பி எல்லாவற்றையும் மேசையில் வைத்தேன். படிவத்தில் கண்ணுக்கு ஒரு கட்டம், காதுக்கு ஒரு கட்டம், கைக்கும் காலுக்கும் ஒவ்வொரு கட்டம் இருந்தது. வலிப்புக்கு இல்லை. அவர் பக்கங்களைப் புரட்டினார். புதுக் கொப்பியில் ஒவ்வொரு திகதிக்குக் கீழும் ஒரு சொல், குளிசையின் பெயர், ஒரு கிறுக்கல் கையெழுத்து. பழைய கொப்பியில்தான் முழு வசனம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்துப் படிவத்தில் எழுதினார். எந்த வரியைப் பார்த்து எழுதுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம். நல்ல வரியைத்தானே எழுதுகிறார் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

மருத்துவக் குழு வந்த நாளில் பிரதேச செயலகக் கந்தோர் முற்றத்தில் சனம் நிறைந்திருந்தது. கால் இல்லாதவர்கள், கண் தெரியாதவர்கள், சக்கர நாற்காலியில் பிள்ளையை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த தாய்மார். அவர்களுக்கு நடுவில் சேலை கட்டி, தலை வாரி, இடுப்பில் பிள்ளையோடு நிற்க எனக்கே கூச்சமாக இருந்தது. ஒரு கிழவி என்னை மேலும் கீழும் பார்த்து, "நீ ஆரோட வந்த புள்ள?" என்று கேட்டா.

உள்ளே மேசைக்கு அந்தப்பக்கம் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த டொக்டர் கேட்டார்.

"நடப்பீங்களா?"

"ஓம்."

"சமைப்பீங்களா?"

"ஓம்."

"பிள்ளைய நீங்கதானே பாக்குறீங்க?"

"ஓம்."

"தையல் வேல செஞ்ச எண்டு இந்தக் கடிதத்தில இரிக்கி. இப்பவும் தைப்பீங்களா?"

"சின்னச் சின்னது. சட்ட கிழிஞ்சாத் தைப்பன்."

"கடைசியா எப்ப வலிப்பு வந்த?"

"போன கிழம."

"ஆர் கண்டது?"

வாசலில் நின்ற மனிசனைக் காட்டினேன்.

"ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனீங்களா?"

"இல்ல டொக்டர்," என்றார் அவர். "பஸ்ஸுக்கு நிக்கக்குள்ளயே தெளிஞ்சிரும். மறுகா அங்க போய் என்னத்தச் சொல்லுற?"

டொக்டர் கொப்பியைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார். கோபம் ஒன்றும் இல்லை, பொறுமையாகத்தான் சொன்னார். "பாருங்க, உங்களைப் பாத்த பெரிய டொக்டரே எழுதியிரிக்கார், கட்டுப்பாட்டில இரிக்கி எண்டு."

"அது பழைய குளிசைக்கு எழுதினது, டொக்டர். பிள்ள தங்கின உடன மாத்திட்டாங்க," என்றேன்.

"மாத்தின எண்டு எங்க இரிக்கி?"

இரண்டு கொப்பியையும் புரட்டினேன். இல்லை. குளிசையை மாற்றியது கர்ப்பிணிக் கிளினிக்கில். அதை எழுதியது கர்ப்பிணி அட்டையில். பிள்ளை பிறந்தபின் அந்த அட்டையை மருத்துவிச்சி வாங்கிக்கொண்டு போய்விட்டா. இதை எல்லாம் நான் சொல்லத் தொடங்க, மகள் அழத் தொடங்கினாள். பெயர் கூப்பிடுகிறவர் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். வெளியே வந்த பிறகுதான் சொல்லவேண்டிய வசனமெல்லாம் வரிசையாக வாய்க்கு வந்தது.

பிறகு கொடுப்பனவு எடுக்கத் தபால்கந்தோருக்குப் போன நாளில் யன்னலுக்கு அந்தப்பக்கம் இருந்த பிள்ளை பட்டியலில் பெயர்களைப் பார்த்து, "உங்கட பேர் இல்லையே அக்கா," என்றாள். திரும்பப் பார்க்கச் சொன்னேன். திரும்பவும் பார்த்தாள். எனக்குப் பின்னால் நின்ற மனிசி மெதுவாக என் முழங்கையைத் தொட்டு விலத்தினா.

சமூக சேவைப் பிரிவில் இருந்த உத்தியோகத்தர் என்னைவிட வயதில் குறைந்த பெண். கதிரை தந்து, தண்ணீர் தந்து, நான் அழுது முடியும்வரைக்கும் இருந்தா.

"மேல்முறையீடு போடலாம் அக்கா. ஆனா புதுசா ஏதும் காட்டணும். பழைய துண்டுகள வச்சித்தான் இல்ல எண்டு சொல்லியிரிக்காங்க."

"என்னத்தக் காட்டுற தங்கச்சி? அது வந்தாப் போயிருமே."

"வந்த உடன ஆசுபத்திரியில காட்டி ஒரு துண்டு எடுங்க. ஏலாட்டி போனில வீடியோ எடுத்து வைங்க. இப்ப டொக்டர்மாரே வீடியோ இரிக்கா எண்டுதான் கேக்குறாங்க."

நல்ல மனத்தோடுதான் சொன்னா. அன்றைக்கு நாங்களும் அதை நல்ல புத்தி என்றுதான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அவர் வாவிக்குப் போவதை நிறுத்தினார். போனை மேல்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். காலையில் நான் கண் திறந்தால் என் முகத்தைப் பார்ப்பார்.

"இண்டைக்கு எப்பிடி புள்ள இரிக்கி?"

"ஒண்டும் இல்ல."

"ம்."

அந்த "ம்" என்னைக் கொன்றது. முன்பு "ஒண்டும் இல்ல" என்று சொன்னால் அவருடைய தோள் இறங்கும், தேத்தண்ணி கேட்பார். இப்போது அதே சொல்லைக் கேட்டு அவர் முகம் வாடியது. அவர் மேல் குற்றம் இல்லை, என் முகமும் அப்படித்தான் வாடியிருக்கும். வேண்டாத நேரத்தில் கிழமைக்குக் கிழமை வந்தது, வேண்டும் என்று இருந்தபோது வரவில்லை. பானையில் போட அரிசி குறைந்துகொண்டு வந்தது. மாமி வேலியால் ஒரு கோப்பைச் சோறு தந்தால் அதைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் இரண்டுபேரும் ஒருவரை ஒருவர் சாப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். அறிவு தெரிந்த நாளில் இருந்து அம்மனிடம் நான் கேட்டது ஒன்றுதான்: இந்த வலிப்பை எடுத்துவிடு தாயே. அன்றைக்குக் கை கூப்பி நின்றேன், வாய் திறக்கவில்லை. எடு என்று கேட்டால் சோறு இல்லை. தா என்று கேட்க நாக்கு வரவில்லை. பூசை முடிந்து சனம் கலைந்தது. நான் ஒன்றும் கேட்காமலே வீட்டுக்கு வந்தேன்.

ஆசுபத்திரியில் அந்த மாதமும் குளிசை இல்லை, வெளியில் வாங்கச் சொன்னார்கள். மிச்சம் இருந்ததை நீட்டிக்கொள்ள இரவுக் குளிசையை மட்டும் போட்டேன். காலைக் குளிசையை விட்டேன். அவருக்குத் தெரியும். ஒன்றும் சொல்லவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று காலை குசினியில் கஞ்சிக்கு உலை வைத்திருந்தேன். தண்ணீர் கொதித்துவிட்டது, அரிசியைக் களைந்து கையில் எடுத்தேன். வாயில் அந்த ருசி வந்தது. "இஞ்ச..." என்று கூப்பிட்டேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கண் திறந்தபோது ஆசுபத்திரி வாட்டில் இருந்தேன். வலது கை முழங்கையில் இருந்து விரல் நுனிவரைக்கும் வெள்ளைத் துணியால் சுற்றியிருந்தது. நெருப்புக்குள் வைத்ததுபோல எரிந்தது. அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்காமல் சுவரோடு நின்றார்.

"பிள்ள?"

"மாமியோட."

"பிள்ளைக்கு ஒண்டும் இல்லையே?"

"இல்ல."

"என்ன நடந்த?"

அவர் சேட்டின் கீழ்ப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

"வீடியோ எடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

தலையை ஆட்டினார்.

எனக்கு அந்த நேரம் வந்தது சந்தோசம். கை எரிந்துகொண்டிருக்க, படுத்த இடத்தில் கிடந்து, கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அவர் ஏன் கட்டிலுக்குக் கிட்ட வரவில்லை என்று யோசிக்கவில்லை.

புண் ஆற நாள் எடுத்தது. சின்னிவிரலும் அடுத்த விரலும் உள்ளங்கையோடு மடங்கி ஒட்டிப்போயின. மற்ற விரல்களும் முழுதாக நிமிரவில்லை. பயிற்சி செய்யச் சொன்னார்கள், செய்தேன். ஊசியைப் பிடிக்க முடியவில்லை. மேல்முறையீட்டுக்குக் கூப்பிட்ட நாளில் சேலைத் தலைப்பைக் குத்தவும் மாமிதான் வந்தா. வீடியோவைக் காட்டுங்கள் என்று வீட்டில் வைத்து இரண்டு தரம் கேட்டேன். "நீ பாக்கத் தேவையில்ல புள்ள," என்று அவர் போனைக் குப்புற வைத்தார்.

இந்தமுறை குழுவில் நடுவில் ஒரு பெண் டொக்டர் இருந்தா, நரைத்த தலை, கண்ணாடி. சமூக சேவை உத்தியோகத்தர் மருத்துவிச்சியிடம் கேட்டு என் கர்ப்பிணி அட்டையைத் தேடி எடுத்துக் கோப்பில் வைத்திருந்தா. டொக்டர் அம்மா அதையும் இரண்டு கொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தா. "மாத்தித்தான் இரிக்கி," என்று பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டினா. பிறகு என்னைப் பார்த்து, "அதுக்குப் பிறகு வலிப்பு கூடிப்போன எண்டதுக்கு என்ன இரிக்கி?" என்று கேட்டா.

என் மனிசன் முன்னுக்குப் போய்ப் போனை மேசையில் வைத்து அழுத்தினார். மூன்று பேரும் குனிந்தார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். யாரும் தடுக்கவில்லை.

எங்கள் குசினி. கீழே கிடக்கிறது நான். ஆனால் நான் என்று எப்படிச் சொல்வது? கழுத்து ஒருபக்கம் திருகி, கண் வெள்ளையாகி, பல் கடிபட்டு, வாயோரம் நுரையும் ரத்தமும். கால்கள் மண் தரையை இழுத்து இழுத்து அடிக்கின்றன. சட்டை தொடைவரைக்கும் ஏறிக் கிடக்கிறது. தொண்டையில் இருந்து ஒரு சத்தம் வருகிறது, அது மனிசச் சத்தம் இல்லை. முன்பின் தெரியாத மூன்று பேரோடு சேர்ந்து, வெளிச்சத்தில், என்னை நான் முதல்முறை பார்த்தேன். என் மனிசன் இத்தனை வருசம் இதைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

படம் ஆடியது. அவருடைய குரல் பின்னால் கேட்டது: "அம்மாளே... அம்மாளே..." அழுதுகொண்டு சொல்கிறார், ஆனால் கிட்ட வரவில்லை. என் கால் அடுப்புக் கல்லில் படுகிறது. பானை அசைகிறது. திரும்பவும் படுகிறது. மகள் வாசலில் வந்து நிற்கிறாள், "ம்மா" என்கிறாள், ஒரு அடி உள்ளே வைக்கிறாள். "வராத! பிள்ள வராத!" என்று அவர் கத்துகிறார். பானை சரிகிறது. படம் கூரைக்குப் போய்விட்டது. ஓலையும் புகையும் மட்டும் தெரிகிறது, சத்தம் மட்டும் வருகிறது.

"நிப்பாட்டுங்க," என்றா டொக்டர் அம்மா.

அவர் திரையில் இரண்டு மூன்று இடத்தில் அழுத்தினார், நிற்கவில்லை. உத்தியோகத்தர் வந்து நிறுத்தினா.

டொக்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றினா. "தம்பி, பக்கத்திலதானே நிண்ட நீங்க. கொதிக்கிற பானைக்குக் கிட்டக் கிடக்கிறாங்க. ஏன் பிடிக்கல்ல?"

"பிடிச்சா எடுக்கேலா, டொக்டர்."

"ஏன் எடுத்தீங்க?"

"நீங்கதான் ஆதாரம் கேட்டீங்க."

குரலை உயர்த்திச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்வதுபோலத்தான் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் மேசையில் கிடந்த கடுதாசிகளை அடுக்கத் தொடங்கினார். உத்தியோகத்தர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றா. என் மனிசன் சுவரில் சாய்ந்து, முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டு, தோள் குலுங்க நின்றார். நான் எழும்பிப் போய் அவருடைய கையைப் பிடிக்க நினைத்தேன். எழும்பவில்லை. அந்த நேரம் அவர் மேல் எனக்கு இரக்கமும் இருந்தது, கோபமும் இருந்தது, எது கூட என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

"வீடியோவ இதோட சேக்க ஏலாது," என்றா டொக்டர் அம்மா கடைசியில். "அது மருத்துவ அறிக்கை இல்ல. வாட்டில தந்த துண்டு இரிக்கா?"

கொடுத்தேன். வாசித்தா. என் வலது கையைத் தன் கையில் எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்தா. நிமிரவில்லை. "நோகுதா?" என்று கேட்டா. "இல்ல," என்றேன். நீண்ட நேரம் எழுதினா.

கொடுப்பனவு திரும்பக் கிடைத்தது. உத்தியோகத்தரே வீட்டுக்கு வந்து சொன்னா. முகத்தில் சந்தோசம் இருந்தது, முழுச் சந்தோசம் இல்லை.

"என்ன காரணம் போட்டிரிக்காங்க தங்கச்சி?" என்று கேட்டேன்.

"வலது கை இயங்காத எண்டு. அதுக்குக் கட்டம் இரிக்கி அக்கா. டொக்டர் வலிப்பப் பத்தியும் பின்னால எழுதியிரிக்காங்க. ஆனா பாஸ் பண்ணினது கைக்குத்தான். அடுத்த வருசம் திரும்பவும் பாப்பாங்க."

அவ போன பிறகு அவர் முற்றத்தில் குந்தியிருந்து வலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

"அந்த வீடியோவ அழிச்சிருங்க," என்றேன்.

"அடுத்த வருசம் கேட்டா?"

"அது ஆதாரம் இல்ல எண்டுதானே சொன்னாங்க."

"இந்தமுற அப்பிடிச் சொன்னாங்க. அடுத்தமுற ஆர் இரிக்கிறாங்களோ?"

சரி பிழை சொல்ல எனக்கும் தெரியவில்லை. அது இன்னும் அந்தப் போனில்தான் இருக்கிறது. அவர் திரும்பவும் வாவிக்குப் போகிறார், விடியமுன் போகாமல் வெளிச்சம் வந்தபின் போகிறார். இறாலும் நண்டும் குறைவாகத்தான் படும். குளிசையை இரண்டு நேரமும் போடுகிறேன். வலிப்பு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

மகள் இப்போது நன்றாகக் கதைக்கிறாள். அவளுக்குச் சோறு தீற்றும்போது அந்தப் போனைத்தான் கொடுக்கவேண்டியிருக்கிறது, பாட்டு ஓடாவிட்டால் வாய் திறக்கமாட்டாள். விரலால் தள்ளித் தள்ளிப் படம் மாற்றவும் பழகிவிட்டாள். நேற்று ஒரு கவளம் உருட்டிக்கொண்டிருந்தேன், இடது கையால்தான் உருட்டுவது, அது இன்னும் சரியாக வராது. அவள் ஒரு இடத்தில் நிறுத்தி, போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், "இது எங்கட குசினி," என்றாள். சோற்றுக் கையோடு எட்டிப் பறித்தேன். அவள் பயந்து அழுதாள். தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன், தரையில்தான் இருந்தோம். எவ்வளவு பார்த்தாளோ தெரியாது. கேட்கவும் எனக்குப் பயமாக இருந்தது.